17,296 – ஓர் எண்ணைப் படிப்போம்



கல்வி உதவித்தொகைக்காகப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பலர், விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே "கணக்கு மட்டும் இவனுக்கு வராது" என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் பிரிவு தேர்ந்தெடுக்கும் நாள் வரும்போது, கணக்கு இல்லாத பிரிவு எது என்று தேடுகிறது. இன்னொரு பக்கம், கணிதமே நம் முன்னோர் தந்தது என்ற பெருமைச் செய்திகள் நம் கைப்பேசிகளில் நாள்தோறும் வந்து குவிகின்றன. முன்னோர் கணக்கில் பெருமை, சொந்தக் கணக்கில் பயம் என்ற இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது சரியாக இல்லை.

ஆகவே இந்த இதழின் கல்விப் பகுதியில் ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறோம். அது 17,296. இதைப் படிக்க எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு வரியையும் போட்டுப் பாருங்கள்.

உடைத்துப் பார்த்தல்

ஓர் எண்ணைப் பற்றி எது தெரியவேண்டுமானாலும், முதலில் அது எந்தப் பகா எண்களால் ஆனது என்று பார்க்கவேண்டும். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண். 2, 3, 5, 7, 11 போன்றவை.

17,296 இரட்டை எண். இரண்டால் வகுத்தால் 8,648, மீண்டும் வகுத்தால் 4,324, பிறகு 2,162, பிறகு 1,081. நான்கு முறை இரண்டால் வகுபட்டு, ஒற்றை எண்ணில் வந்து நிற்கிறது. 1,081-ஐ 3, 5, 7, 11, 13, 17, 19 என்று ஒவ்வொன்றாக முயன்றால் எதுவும் மீதியின்றிப் போகாது. 23-இல் போகிறது: 23 × 47 = 1,081. இவை இரண்டும் பகா எண்கள். எனவே

17,296 = 2 × 2 × 2 × 2 × 23 × 47, அதாவது 16 × 23 × 47.

இதுதான் இந்த எண்ணின் அடையாளச் சீட்டு. வேறு எந்த எண்ணுக்கும் இதே பகாக் காரணிகள் இருக்க முடியாது.

காரணிகளை எண்ணுதல்

17,296-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை? ஒவ்வொன்றாகத் தேடவேண்டியதில்லை. ஒரு காரணியை உண்டாக்க மூன்று முடிவுகள் எடுத்தால் போதும். 2-ஐ எத்தனை முறை சேர்ப்பது? 0 முதல் 4 வரை, ஐந்து வழிகள். 23-ஐச் சேர்ப்பதா வேண்டாமா? இரண்டு வழிகள். 47-ஐ? அதற்கும் இரண்டு. ஆக 5 × 2 × 2 = 20 காரணிகள். அவை இவை:

1, 2, 4, 8, 16
23, 46, 92, 184, 368
47, 94, 188, 376, 752
1,081, 2,162, 4,324, 8,648, 17,296

முதல் வரிசையின் கூட்டுத்தொகை 31. இரண்டாம் வரிசை அதன் 23 மடங்கு, மூன்றாவது 47 மடங்கு, நான்காவது 1,081 மடங்கு. ஆகவே மொத்தம் 31 × (1 + 23 + 47 + 1,081) = 31 × 1,152 = 35,712. 1,152 என்பது 24 × 48 என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதாவது (1 + 23) × (1 + 47). இது பின்னால் தேவைப்படும்.

குறை, நிறை, மிகை

ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் என்ன வரும்? கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த ஜெராஸா நகரத்து நிக்கோமேக்கஸ், கிரேக்க மொழியில் எழுதிய எண் கணித நூலில் இதை வைத்து எண்களை மூன்றாகப் பிரித்தார்.

கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைந்தால் அது குறைவெண். உதாரணம் 8: 1 + 2 + 4 = 7.
சரியாக எண்ணுக்குச் சமமானால் நிறைவெண். உதாரணம் 6: 1 + 2 + 3 = 6. அடுத்தவை 28, 496, 8,128.
எண்ணைவிட அதிகமானால் மிகையெண். உதாரணம் 12: 1 + 2 + 3 + 4 + 6 = 16.

அரபியில் இவற்றை நாகிஸ், தாம், ஸாயித் என்பார்கள். மத்ரஸாவில் ஓதியவர்களுக்குச் சொற்களைக் கேட்டதுமே பொருள் விளங்கும்.

17,296-க்கு வருவோம். 35,712-இலிருந்து 17,296-ஐக் கழித்தால் 18,416. எண்ணைவிட 1,120 அதிகம். ஆகவே 17,296 ஒரு மிகையெண்.

இத்துடன் நிறுத்தினால் இது ஆயிரக்கணக்கான மிகையெண்களில் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் கிடைத்த 18,416-ஐயும் அதேபோல உடைத்துப் பாருங்கள்.

நட்பெண்கள்

18,416 = 16 × 1,151. இந்த 1,151 பகா எண்ணா? 34 × 34 = 1,156 என்பதால், 34-க்கு உட்பட்ட பகா எண்களால் சோதித்தால் போதும். 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் 7, 13-ஆல் 7, 17-ஆல் 12, 19-ஆல் 11, 23-ஆல் 1, 29-ஆல் 20, 31-ஆல் 4. 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாது என்பது பார்த்ததுமே தெரியும். ஆகவே 1,151 பகா எண்தான்.

18,416-இன் காரணிகள், அதை விடுத்து: 1, 2, 4, 8, 16, 1,151, 2,302, 4,604, 9,208. முதல் ஐந்தின் கூட்டுத்தொகை 31. அடுத்த நான்கின் கூட்டுத்தொகை 17,265. இரண்டும் சேர்ந்தால்

17,296.

புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். ஒன்றன் காரணிகளைக் கூட்டினால் மற்றது. மற்றதன் காரணிகளைக் கூட்டினால் இது. இப்படிப்பட்ட ஜோடிக்கு நட்பெண்கள் என்று பெயர். அரபியில் அல்-அஃதாதுல் முதஹாப்பா, ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள். இந்த ஜோடியில் சிறியது மிகை, பெரியது குறை. சிறியதிடம் கூடுதலாக இருப்பதும் 1,120. பெரியதிடம் குறைவதும் அதே 1,120. எந்த நட்பெண் ஜோடியிலும் இப்படித்தான் இருக்கும்.

மிகச் சிறிய ஜோடி 220, 284. இது கிரேக்கர் காலத்திலேயே தெரிந்திருந்தது. பிதாகரஸ் வழியினர் இதை நட்பின் அடையாளமாகச் சொன்னார்கள். ஆனால் அந்த ஒரு ஜோடிக்குப் பிறகு அடுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு அவர்களிடமிருந்து எந்த வழிமுறையும் நமக்கு வந்து சேரவில்லை.

ஸாபித் இப்னு குர்ரா தந்த விதி

வழிமுறையைத் தந்தவர் ஸாபித் இப்னு குர்ரா. இன்றைய துருக்கியின் தென்பகுதியிலுள்ள ஹர்ரான் ஊர்க்காரர். நாணயமாற்றுத் தொழில் செய்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பனூ மூஸா என்று புகழ்பெற்ற அறிஞர் சகோதரர்களின் தொடர்பால் பக்தாதுக்கு வந்தார். கிரேக்க நூல்கள் பலவற்றை அரபியாக்கினார். நிக்கோமேக்கஸின் எண் கணித நூலும் அவற்றில் ஒன்று. 901-இல் காலமானார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஸாபித் முஸ்லிம் அல்லர். ஹர்ரானின் ஸாபியீ மதத்தைச் சேர்ந்தவர். கிரேக்க நூலைப் படித்த ஒரு ஸாபியீ, அரபி மொழியில், முஸ்லிம்களின் தலைநகரில், முஸ்லிம் அறிஞர்களின் ஆதரவுடன் இந்த விதியை நிறுவினார். அந்தக் காலத்துப் பக்தாதின் உண்மையான சிறப்பு இதுதான். அறிவு யாரிடம் இருந்தாலும் அதற்கு அங்கே இடம் இருந்தது. இதை மறைத்துப் பெருமை பேசவேண்டிய தேவை நமக்கு இல்லை.

விதி இதுதான். 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துச் செல்லும் வரிசையில் அடுத்தடுத்த இரண்டு எண்களை எடுங்கள். சிறியதை 3-ஆல் பெருக்கி 1 கழியுங்கள். பெரியதையும் 3-ஆல் பெருக்கி 1 கழியுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கி, அதை 9-ஆல் பெருக்கி, 1 கழியுங்கள். கிடைக்கும் மூன்றும் பகா எண்களானால் ஒரு நட்பெண் ஜோடி கிடைத்துவிட்டது: பெரியதை முதல் இரண்டு பகா எண்களாலும் பெருக்கினால் ஒன்று, பெரியதை மூன்றாவதால் மட்டும் பெருக்கினால் மற்றொன்று.

2, 4 எடுத்தால்: 5, 11, 71. மூன்றும் பகா எண்கள். 4 × 5 × 11 = 220; 4 × 71 = 284.

4, 8 எடுத்தால்: 11, 23, 287. இங்கே தடை வருகிறது; 287 = 7 × 41. தடையைப் பொருட்படுத்தாமல் போனால் என்ன ஆகும்? 8 × 11 × 23 = 2,024. இதன் காரணிகளைக் கூட்டினால் 2,296 வருகிறது. ஆனால் 2,296-இன் காரணிகளைக் கூட்டினால் 2,024 வரவில்லை, 2,744 வருகிறது. ஒருதலை நட்பு. மூன்றும் பகா எண்களாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை ஏன் என்பது இதிலேயே விளங்கும்.

8, 16 எடுத்தால்: 23, 47, 1,151. மூன்றும் பகா எண்கள். நம் 17,296-ம் 18,416-ம் பிறந்துவிட்டன.

இது ஏன் வேலை செய்கிறது? முன்பு பார்த்துவைத்த 24 × 48 = 1,152 இங்கே தேவைப்படுகிறது. 1,152 என்பது 1,151 + 1. 17,296-இன் காரணிகள் அனைத்தின் மொத்தம் 31 × 24 × 48. 18,416-இன் காரணிகள் அனைத்தின் மொத்தம் 31 × 1,152. இரண்டும் ஒன்றே: 35,712. இரண்டு எண்களையும் கூட்டினாலும் அதே 35,712. ஆகவே மொத்தத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் மற்றது வந்தே தீரும். 3-ஆல் பெருக்கி 1 கழிக்கச் சொன்ன விதியின் உட்பொருள் இதுதான்.

ஜோடியைக் கண்டவர்கள்

ஸாபித்தின் விதியிலிருந்து 17,296, 18,416 ஜோடியை எடுத்துக் காட்டியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி. வானவில் தோன்றும் காரணத்தை விளக்கியதற்காகவும் புகழ்பெற்றவர். இவருடைய 'தத்கிரத்துல் அஹ்பாப்', நண்பர்களுக்கான நினைவுக்குறிப்பு என்ற பெயருடைய நூல். முழுவதும் நட்பெண்களைப் பற்றியது. எண்களைப் பகாக் காரணிகளாக உடைத்து, அவற்றைச் சேர்க்கும் வழிகளை எண்ணி, விதியைப் புதிய முறையில் நிறுவினார். மேலே நாம் 20 காரணிகளை எண்ணியதும் இவ்வகை முறைதான். மற்றவர் மொராக்கோவின் மர்ராகிஷ் நகரத்து இப்னுல் பன்னா, 1321-இல் காலமானார்.

ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரரான பெர்மா இதே ஜோடியை 1636-இல் தாமாகவே கண்டார். அதனால் இன்றும் சில நூல்களில் இது 'பெர்மாவின் ஜோடி' என்றே இருக்கிறது. அடுத்து 64, 128 எடுத்தால் 9,363,584, 9,437,056 என்ற ஜோடி வரும். இதை டெகார்ட் 1638-இல் கண்டார். அதே நூற்றாண்டில் ஈரானின் முஹம்மது பாகிர் யஸ்தியும் இதைக் கொடுத்திருக்கிறார். ஸாபித்தின் நூலை பிரெஞ்சு வழியாக ஐரோப்பியருக்கு 1852-இல் அறிமுகப்படுத்தியவர் வோப்கே என்ற ஜெர்மானிய அறிஞர். பெர்மா திருடினார் என்று சொல்வது தவறு. அவர் தம் உழைப்பால் கண்டார். முதலில் கண்டவர் பெர்மா என்று சொல்வதும் தவறு. இரண்டு தவறும் இல்லாமல் பேசுவதே நீதி.

ஸாபித்தின் விதியால் இதுவரை கிடைத்தவை இந்த மூன்று ஜோடிகள்தான். விதிக்குள் அடங்காத ஜோடிகளும் உண்டு. ஆய்லர் 1747-இல் 30 ஜோடிகளைப் பட்டியலிட்டார். ஆனால் 220-க்கு அடுத்த மிகச் சிறிய ஜோடியான 1,184, 1,210 இவர்கள் அனைவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது. 1866-இல் அதைக் கண்டுபிடித்தவர் பாகனீனி என்ற 16 வயது இத்தாலியச் சிறுவர். "பெரியவர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள், நமக்கு என்ன மிச்சம்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். இன்று கணினி உதவியால் நூறு கோடிக்கும் மேற்பட்ட ஜோடிகள் தெரியும். அவை முடிவில்லாதவையா என்ற கேள்விக்கு உலகில் யாரும் இன்னும் விடை நிறுவவில்லை.

ஃபராயிள் பாடத்தில் இதே கணக்கு

வாரிசுரிமைப் பங்கீட்டைக் கற்பிக்கும் ஃபராயிள் பாடத்தில், இரண்டு எண்களுக்கு இடையிலான உறவை நான்காகப் பிரிப்பார்கள்.

தமாதுல்: இரண்டும் சமம். 6, 6.
ததாகுல்: சிறியது பெரியதை மீதியின்றி வகுக்கும். 2, 8.
தவாஃபுக்: இரண்டையும் வேறொரு எண் பொதுவாக வகுக்கும். 6, 8.
தபாயுன்: 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. 3, 4.

மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று வரும் பங்கீட்டில் 6-க்கும் 8-க்கும் தவாஃபுக் இருப்பதால் மொத்தப் பங்கை 24-ஆக வைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் மீச்சிறு பொது மடங்கு. பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே.

17,296-க்கும் 18,416-க்கும் என்ன உறவு? கழித்தும் வகுத்தும் பாருங்கள். 18,416-இல் 17,296 போக 1,120. 17,296-ஐ 1,120-ஆல் வகுத்தால் மீதி 496. 1,120-ஐ 496-ஆல் வகுத்தால் மீதி 128. 496-ஐ 128-ஆல் வகுத்தால் மீதி 112. 128-ஐ 112-ஆல் வகுத்தால் மீதி 16. 112-ஐ 16 மீதியின்றி வகுக்கிறது. ஆகவே தவாஃபுக், பொதுக் காரணி 16. மத்ரஸாவில் ஓதும் பிள்ளை, "பள்ளிக்கூடக் கணக்கு எனக்குப் புரியாது" என்று சொல்லவேண்டியதே இல்லை. ஃபராயிள் ஓதும்போது அது பாதிக் கணக்கைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

மூவர் குழு

17,296-க்கு இன்னொரு பண்பும் உண்டு. ஒரு ஜமாஅத்தில் 48 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மூவர் கொண்ட ஒரு குழு அமைக்கவேண்டும். எத்தனை விதமாக அமைக்கலாம்? முதல் ஆளுக்கு 48 வழி, அடுத்தவருக்கு 47, அடுத்தவருக்கு 46. ஒரே மூவரை ஆறு வரிசைகளில் எழுத முடியும் என்பதால் 6-ஆல் வகுக்கவேண்டும். 48 × 47 × 46 ÷ 6 = 17,296.

பழக்கடையில் ஆரஞ்சுகளை முக்கோண அடித்தளத்தில் கூர்கோபுரமாக அடுக்கினாலும் இதே எண் வரும். உச்சியில் 1, அதன் கீழ் 3, அதன் கீழ் 6, அதன் கீழ் 10 என்று 46 அடுக்கு அடுக்கினால் மொத்தம் 17,296 ஆரஞ்சு. கடைசி அடுக்கில் மட்டும் 1,081. இந்த 1,081-ஐ நாம் முன்பே சந்தித்திருக்கிறோம்.

தாயத்தில் அல்ல, காகிதத்தில்

நட்பெண்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 220, 284 என்று எழுதிவைத்தால் இருவருக்குள் நேசம் உண்டாகும் என்று மாந்திரீகத் தகடு வேலை செய்பவர்கள் சொல்வதை இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் பதிவு செய்திருக்கிறார். எண்ணை எழுதிக் கழுத்தில் கட்டினால் காரியம் நடக்கும் என்று பணம் வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரிந்திருக்கும் கணவன் மனைவியின் துயரம் அவர்களுக்கு வியாபாரம். எண்ணுக்கு மனிதர்களைச் சேர்த்துவைக்கும் ஆற்றல் கிடையாது. அதற்குப் பேசித் தீர்த்துவைக்கும் பெரியவர்கள் வேண்டும். எண்ணின் அழகு அதன் காரணிகளில் இருக்கிறது. அது எல்லோருக்கும் இலவசம்.

ஹதீஸ் பாடத்தில் ஒரு செய்தியை ஏற்குமுன், யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற ஸனதைப் பார்க்கிறோம். கணக்கில் ஸனது நம் கையிலேயே இருக்கிறது. ஸாபித் சொன்னார் என்பதற்காக 17,296-ஐ நாம் நட்பெண் என்று ஏற்கவில்லை. கூட்டிப் பார்த்தோம், வந்தது. முன்னோருக்கு நாம் செய்யக்கூடிய சரியான மரியாதை, அவர்கள் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்ப்பதுதான். பெற்றோர்களே, "கணக்கு வராது" என்ற சொல்லைப் பிள்ளை காதுபட இனிச் சொல்லாதீர்கள். ஒரு மாலை நேரம் கூடவே உட்காருங்கள்.

பிள்ளைகளுக்கான பயிற்சி

1. 220-இன் காரணிகள் அனைத்தையும் எழுதி, 220-ஐ விட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். 284-க்கும் அவ்வாறே செய்யுங்கள்.
2. 496 நிறைவெண் என்று காட்டுங்கள்.
3. 1,184-உம் 1,210-உம் நட்பெண்கள் என்று சரிபாருங்கள். (1,184 = 32 × 37; 1,210 = 2 × 5 × 11 × 11.)
4. ஸாபித்தின் விதியில் 16, 32 எடுத்தால் ஜோடி கிடைக்குமா?
5. 20 பேரிலிருந்து மூவர் குழுவை எத்தனை விதமாக அமைக்கலாம்?

விடைகள்: 1) 284, 220. 2) 1 + 2 + 4 + 8 + 16 + 31 + 62 + 124 + 248 = 496. 3) இரண்டிலும் எல்லாக் காரணிகளின் மொத்தம் 2,394, அதில் ஒன்றைக் கழித்தால் மற்றது வரும். 4) கிடைக்காது; 3 × 32 − 1 = 95, அது 5 × 19. 5) 1,140.

விடைகளை முதலில் பார்க்காமல் போட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு அல்லாஹ் பயனுள்ள கல்வியை மேலும் அதிகமாக்குவானாக. வஸ்ஸலாம்.

– செயலாளர்